கறுப்பு பீர் ஊற்றிய பழச் சட்னி: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் பேரிக்காய் ஊறுகாய் பற்றி எழுதியபோது, 'இதே பேரிக்காயில் ஸ்டவுட் ஊற்றிப் பங்களாக்களில் சட்னி காய்ச்சுவார்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். ஊறுகாயை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அளவு கேட்டவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அக்கா, சட்னி என்றால் எங்களுக்குத் தேங்காய்ச் சட்னியும் கொத்தமல்லிச் சட்னியும்தான். பழத்தில் சட்னி, அதிலும் பீர் ஊற்றி என்றால் புரியவில்லை. பீர் எதற்கு, ருசிக்கா? கெடாமல் இருப்பதற்கா?
வாசகி, வெலிமடை

ருசிக்குத்தான் தங்கச்சி. கெடாமல் காப்பாற்றுவது வினாகிரியும் சீனியும். 'பீர் ஊற்றுவதால் வினாகிரியைக் குறைக்கலாமா' என்று வேறு இருவரும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: குறைக்கவே கூடாது. பீரில் இருக்கிற புளிப்பு வினாகிரியின் புளிப்புக்குக் கிட்டவும் வராது. வினாகிரி போதாத சட்னியை மாதக்கணக்கில் போத்தலில் அடைத்து வைப்பது ஆபத்து.

நீங்கள் சொல்கிற தேங்காய்ச் சட்னி அரைத்த அன்றைக்கே தீர்ந்துவிடும். இது வைத்திருந்து தின்கிற வகை. இந்தியாவில் நம்முடைய சட்னியைத் தின்று ருசி கண்ட வெள்ளைக்காரர்கள், ஊருக்குப் போய் ஆப்பிள், பேரி, பிளம்ஸ் என்று தங்களிடம் இருந்த பழங்களை வெங்காயம், சீனி, வினாகிரியோடு மணிக்கணக்காகக் காய்ச்சிப் போத்தலில் அடைத்தார்கள். தோட்டங்களோடு சேர்ந்து அது நம் மலைநாட்டு பங்களாக்களுக்கும் வந்தது.

ஸ்டவுட் என்பது கறுப்பு பீர். பார்லியைக் கறுக்க வறுத்துச் சேர்ப்பதால்தான் அந்த நிறமும், கோப்பி வாசமும், விழுங்கிய பிறகு நாக்கில் நிற்கிற கசப்பும் வருகின்றன. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்று குடித்த கறுப்பு பீரில் கடுமையான வகையைத்தான் முதலில் ஸ்டவுட் என்றார்கள். பிறகு அயர்லாந்துக்காரர்கள் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். நமக்கும் இது தூரத்துச் சாமான் இல்லை. லயன் பீர் காய்ச்சிய மதுவடிசாலை 1881இல் தொடங்கியது நுவரெலியாவில்தான். 1998இல்தான் பியகமவுக்கு இடம் மாறியது.

என் அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக, அதாவது துரை வீட்டுச் சமையற்காரராக இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகும், அடுத்து வந்த துரைமார் நத்தாருக்கு இந்தச் சட்னியைக் கேட்டு வாங்கினார்கள். எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அப்பாதான். ஸ்டவுட்டைப் பற்றி அவர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன்: அது போவது கசப்புக்காக.

சித்திரைப் பிறப்புக்கு மாங்காயும் வெல்லமும் போட்டுச் செய்கிற பச்சடியில் வேப்பம்பூவை வறுத்துப் போடுகிறோம் இல்லையா? வேப்பம்பூ இல்லாமல் ஒருமுறை செய்து தின்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும் இருக்கும், ஆனால் இரண்டு வாய்க்கு மேல் திகட்டிவிடும். பழச் சட்னியிலும் அதே கதை. பழம் இனிப்பு, உலர் திராட்சை இனிப்பு, அதன் மேல் சீனி. வினாகிரி அதை வெட்டும், மிளகாய் உறைக்கும். ஆனாலும் கசப்பு ஒன்று இல்லையென்றால் அது காரம் போட்ட ஜாம்தான். வேப்பம்பூ பார்க்கிற வேலையை இங்கே ஸ்டவுட் பார்க்கிறது. அதனால்தான் சாதாரண மஞ்சள் பீர் இதற்கு உதவாது. அதில் வறுத்த தானியம் இல்லை, காய்ச்சினால் வெறும் வாசத் தண்ணீராகப் போய்விடும்.

அளவோடு செய்முறை சொல்லுங்கள் அம்மா. எங்கள் வீட்டுப் பின்னால் பேரி மரம் இருக்கிறது. காய் கல் மாதிரி, பிள்ளைகள் கடித்துவிட்டு எறிகிறார்கள்.
வாசகி, பண்டாரவளை

அந்தக் கல் மாதிரிக் காய்தான் வேண்டும் மகள். கடையில் விற்கிற மெதுவான வெளிநாட்டுப் பேரி கரைந்து கூழாகிவிடும். நம் மலைநாட்டுப் பேரி ஒன்றரை மணி நேரம் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், அந்த மணல் போன்ற கடிபாடும் போகாது.

தோல் சீவி, நடுப்பகுதி நீக்கி, சுண்டுவிரல் நகமளவு துண்டாக வெட்டிய பேரி 1 கிலோ. வெட்டும்போதே உப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். அதோடு மரத்தக்காளி அரைக் கிலோ. மரத்தக்காளியின் தோல் கசக்கும், அது வேண்டாத கசப்பு. காம்பை வெட்டிவிட்டுக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் சட்டை கழற்றுவதுபோல் உரிந்து வரும். பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தச் சிவப்புச் சாறு துணியில் பட்டால் போகாது.

பெரிய வெங்காயம் 400 கிராம், பொடியாக நறுக்கியது. உலர் திராட்சை 150 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 100 கிராம். சிவப்புச் சீனி 400 கிராம். வினாகிரி 400 மில்லிலீட்டர். ஸ்டவுட் 330 மில்லிலீட்டர். இஞ்சி பெருவிரல் நீளத்தில் இரண்டு துண்டு, உள்ளி எட்டுப் பல், இரண்டையும் தட்டிக்கொள்ளுங்கள். கடுகு இரண்டு தேக்கரண்டி, செத்தல் மிளகாய் ஆறு ஏழு, உப்பு இரண்டு தேக்கரண்டி. ஒரு துண்டுக் கறுவாவையும் ஆறு கராம்பையும் மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து போடுங்கள், கடைசியில் எடுத்துவிடலாம். கராம்பு பழத்தோடு கிடந்தால் மாதம் போகப் போக அதன் வாசம் ஏறி மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

வினாகிரி வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் படியுங்கள். 'செயற்கை வினாகிரி' என்று போட்டிருந்தால் அது தண்ணீர் கலந்த அசிட்டிக் அமிலம். கெடாமல் காக்கும், ஆனால் மூக்கில் ஏறுகிற அந்த நெடி குறையவே குறையாது. தென்னை வினாகிரி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அமில அளவு 4 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 5 இருந்தால் இன்னும் நல்லது.

பாத்திரம் அடிகனத்த எவர்சில்வராக இருக்கட்டும், வாயும் அகலமாக இருக்கட்டும். தோட்டத்து வீடுகளில் பெரிய சட்டி என்றால் அலுமினியம்தான், தெரியும். ஆனால் வினாகிரி அலுமினியத்தை அரிக்கும், சட்னியில் தகர வாடை வரும். பித்தளையும் செம்பும் வேண்டவே வேண்டாம். பெரிய எவர்சில்வர் சட்டி இல்லையென்றால் பாதி அளவாகச் செய்யுங்கள்.

ஸ்டவுட்டை முதலிலேயே ஒரு சட்டியில் ஊற்றி வைத்துவிடுங்கள், நுரை அடங்கட்டும். பொங்கிக்கொண்டிருக்கிற சட்னியில் போத்தலிலிருந்து நேராக ஊற்றினால் நுரை எழும்பி அடுப்பெல்லாம் வழியும்.

பேரி, மரத்தக்காளி, வெங்காயம், இஞ்சி, உள்ளி, மிளகாய், கடுகு, உப்பு, துணி முடிச்சு, வினாகிரி எல்லாவற்றையும் சேர்த்து அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தணலைக் குறையுங்கள். மூடி போட வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் பேரியில் கரண்டிக் காம்பு இறங்கும். இறங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள், சீனி போட்டுவிட்டால் அதன் பிறகு பேரி இதைவிட மெதுவாகாது. பேரி வெந்ததும் ஸ்டவுட், இருபது நிமிடம் கழித்துச் சீனியும் உலர்ந்த பழங்களும். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரமளவு.

அந்தக் கடைசி முக்கால் மணி நேரம் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. சீனி கரைந்ததும் முதலில் தண்ணீராகிவிட்டதே என்று தோன்றும். சின்னச் சின்னக் குமிழியாகச் சலசலவென்று கொதிக்கும். பிறகு குமிழி பெரிதாகி, சத்தம் மாறி, 'பொத்... பொத்...' என்று வெடிக்கத் தொடங்கும். அப்போது தெறித்தால் கையில் கொப்புளம்தான், நீளக் கை வைத்த அகப்பையை எடுங்கள். அடியை வழித்து வழித்துக் கிண்டுங்கள். அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அடி தெரிய வேண்டும், வினாகிரித் தண்ணீர் ஓடி வந்து அந்தக் கோட்டை மூடக் கூடாது. அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் இதற்கு மேல் விடாதீர்கள். மிகவும் வற்றிப் போனால் ஸ்டவுட்டின் கசப்பும் சேர்ந்து வற்றி, கருகியதுபோல் ருசிக்கும்.

விறகடுப்பு என்றால் கடைசிக் கட்டத்தில் கொள்ளிகளை இழுத்துவிட்டு வெறும் தணலில் வையுங்கள். 350 கிராம் ஜாம் போத்தலில் ஆறு நிறையும்.

கொதித்தால் பீரில் உள்ள போதை எல்லாம் ஆவியாகிவிடும் என்கிறார்கள். அப்படியானால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
வாசகி, தலவாக்கலை

முழுவதும் போகாது. அற்ககோல் 78 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும் என்பதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். தண்ணீரோடும் பழத்தோடும் கலந்திருக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் இதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது: 15 நிமிடம் காய்ச்சிய உணவில் 40 சதவீதம் மிஞ்சுகிறது, ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5.

மேலே சொன்ன அளவுக்குக் கணக்குப் பார்ப்போம். லயன் ஸ்டவுட்டில் 8.8 சதவீதம். 330 மில்லிலீட்டரில் 29 மில்லிலீட்டர் அற்ககோல். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அதில் கால்பங்கு, அதாவது 7 மில்லிலீட்டர், இரண்டு கிலோ சட்னிக்குள் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி சட்னியில் ஒரு சொட்டளவு. போதை ஏறாது. இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். அவர்களுக்கு ஸ்டவுட் இல்லாமல் செய்கிற வழி இருக்கும்போது அந்தச் சொட்டுக்கூட எதற்கு? அந்த வழியைக் கீழே சொல்லியிருக்கிறேன். மருந்து எடுத்துக் குடியை நிறுத்தியவர்களுக்கும் இது ஆகாது.

நீங்களும் ஒரு தோட்டத்துப் பெண் என்று நினைத்துத்தான் உங்கள் பக்கத்தைப் படிக்கிறோம். சம்பளம் போட்ட அன்றைக்கே பாதியைச் சாராயக்கடையில் கொடுத்துவிட்டு வருகிற வீடுகள் எங்கள் லயத்தில் எத்தனை என்று தெரியுமா? கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தால் செத்தவர்களும் இருக்கிறார்கள். பீர் வாங்கச் சொல்லி நீங்களே எழுதலாமா?
பெயர் வேண்டாம், மஸ்கெலியா

உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன் தங்கச்சி. பெயர் போடவில்லை, கையெழுத்திலேயே ஆத்திரம் தெரிந்தது. நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சம்பள நாள் சாயந்தரம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பில் உலை கொதிக்கும், கண் வாசல் இஸ்தோப்பிலேயே இருக்கும். வருகிறவரின் காலடிச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று தெரிந்துவிடும்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் குடிக்கிறார் என்றால், அல்லது நிறுத்தப் பார்க்கிறார் என்றால், சட்னிக்காக என்று ஒரு போத்தலும் அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டக் கூடாது. 'சமையலுக்குத்தானே' என்பது சமாதானம் ஆகாது. 625 மில்லிலீட்டர் போத்தலை வாங்கினால் பாதிதான் சட்னிக்குப் போகும், மிச்சம் எங்கே போகும்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த வீடுகளில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். நிறுத்தி வருஷமானவருக்கும் அந்த வாசம் போதும், மனம் தடுமாற.

ஆனால் எழுதவே கூடாது என்றால் அதை ஏற்க முடியவில்லை. என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டும் வாயில் வைக்காதவர். பங்களா அலமாரியில் இருந்த போத்தல்களுக்குச் சாவி அவரிடம்தான் இருந்தது. மிளகாய்த்தூளை அளந்து போடுவதுபோல ஸ்டவுட்டை அளந்து ஊற்றி, மிச்சத்தை மூடித் துரைசானியிடம் கணக்குக் கொடுத்துவிட்டு வருவார். பங்களாச் சமையல் என்று இன்றைக்கு ஹோட்டல்களில் பெரிய விலைக்குப் பரிமாறுகிறதில் பாதி, நம்முடைய அப்புமார் கையில் உருவானது. வெள்ளைக்காரச் சட்னியில் செத்தல் மிளகாயும் மரத்தக்காளியும் போட்டவர்கள் அவர்கள்தானே? அவர்கள் பெயர் எந்த மெனு அட்டையிலும் இல்லை. அந்தக் கைப்பக்குவத்தை எழுதி வைக்காவிட்டால் அதுவும் போய்விடும். எழுதும்போது ஸ்டவுட்டை மட்டும் மறைத்துவிட்டு எழுதினால் அது அவர்களுடைய சட்னி ஆகாது.

உங்கள் வீட்டுக்கு அடுத்த பதிலில் உள்ளதைச் செய்யுங்கள். அதை இரண்டாந்தரம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை, எங்கள் வீட்டில் நாளாந்தம் தின்பது அதுதான்.

எங்கள் வீட்டில் மது ஹராம். ஸ்டவுட்டுக்குப் பதிலாக வேறு என்ன போடலாம் தாத்தா?
வாசகி, கம்பளை

உங்கள் வழக்கப்படி அக்காவைத் தாத்தா என்று அழைத்ததே சந்தோஷம் தங்கச்சி. கசப்பும் கறுப்பும் தருகிற சாமான் நம் மலையெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. தேயிலைதான்.

300 மில்லிலீட்டர் கொதிநீரை இறக்கி, மூன்று மேசைக்கரண்டி தேயிலைத் தூள் போட்டு மூடுங்கள். தோட்டத்தில் கொடுக்கிற டஸ்ட் இதற்கு நன்றாகவே போதும். ஐந்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். தூளோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு ஏறும், நமக்கு வேண்டியது அதுவல்ல. வடித்த சாயத்தில் இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பனைப் பாணியைக் கலக்குங்கள். ஸ்டவுட் ஊற்றுகிற நேரத்தில் இதை ஊற்றுங்கள். சீனியை 400இலிருந்து 370 கிராமுக்குக் குறைத்துக்கொள்ளலாம், வினாகிரியில் கைவைக்க வேண்டாம்.

வறுத்த வாசம் கொஞ்சம் வேண்டுமென்றால் கடுகோடு ஒரு தேக்கரண்டி கொத்தமல்லியைக் கறுக்க வறுத்து இடித்துப் போடுங்கள். நுவரெலியாப் பக்கத்து உயர்மலைத் தேயிலை வாசம் நல்லது என்றாலும் இதற்குச் சாயம் போதாது. கம்பளை, கண்டிப் பக்கத்துத் தேயிலைக்குத்தான் சாயம் அதிகம். உங்கள் ஊர்த் தேயிலையே பொருத்தம்.

போன வருஷம் செய்த பழச் சட்னி போத்தலில் மூடி மேலே உப்பிவிட்டது. திறந்தபோது புஸ்ஸென்று காற்றும் வந்தது. இன்னொன்றில் மேலே வெள்ளைப் பூஞ்சணம். வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாமா? கொதிக்க வைத்த போத்தலில்தான் போட்டேன்.
வாசகி, ராகலை

இரண்டையும் எறியுங்கள். பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். மூடி உப்பியதை ருசி பார்க்கவும் வேண்டாம், நாயும் கோழியும் போகாத இடத்தில் புதைத்துவிடுங்கள்.

காரணத்தில் ஒன்று நீங்கள் இருக்கிற உயரமாக இருக்கலாம். செய்முறைப் புத்தகங்களில் 'போத்தலை 10 நிமிடம் கொதிக்க விடவும்' என்று எழுதுவது கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கு. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் 96 பாகை. தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம், சூடு அவ்வளவு இல்லை. பருப்பு வேகச் சுணங்குவதும் இதனால்தான்.

ஆகவே வெறும் போத்தலைக் கொதிக்க வைக்கும்போது ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். 6,000 அடியில் 16 நிமிடம், 4,000 அடியில் 14. சட்னியை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சூடான போத்தலில், வாயிலிருந்து அரை விரற்கடை விட்டு நிரப்புங்கள். ஈர்க்கால் குத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, வாயைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள். பிறகு மூடிய போத்தல்களை, தண்ணீர் மூடிக்கு மேலே நிற்கும்படி வைத்து மறுபடி கொதிக்க விட வேண்டும். 1,000 அடிக்கு மேல் 6,000 அடி வரை 15 நிமிடம், அதற்கு மேலே 20. போத்தலுக்கு அடியில் மடித்த துணியொன்று போட்டால் வெடிக்காது.

மூடிகளைப் பாருங்கள். உட்புறம் பூச்சு உரிந்த பழைய தகர மூடியை வினாகிரி தின்றுவிடும், துரு வழியாகக் காற்று போகும். போத்தல் பழையதானால் குற்றமில்லை, மூடி புதிதாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறதே, போத்தல்களைச் சுவரோடு ஒட்டிய தட்டில் அடுக்காதீர்கள். அடுப்புக்கு எதிர்ப்பக்கம், இருட்டாக, காற்றோட்டமாக ஓரிடம் பாருங்கள்.

மாத்தளையில் பேரியும் இல்லை, மரத்தக்காளியும் இல்லை. அம்பரலங்காயில் செய்யலாமா?
வாசகர், மாத்தளை

செய்யலாம் தம்பி, நன்றாகவே வரும். முற்றிப் பழுக்கத் தொடங்கியதாக எடுத்து, கொட்டையைச் சுற்றியுள்ள முள் போன்ற நாரை விட்டுவிட்டுச் சதையை மட்டும் சீவுங்கள். பாதி அம்பரலங்காய், பாதி அன்னாசி என்றால் இன்னும் நல்லது. அன்னாசியில் தண்ணீர் அதிகம், கால் மணி நேரம் கூடப் பிடிக்கும்.

நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஜாம், ஊறுகாய் போட்டு ஹட்டன் கடைகளுக்குக் கொடுக்கிறோம். இந்த ஸ்டவுட் சட்னியைச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கலாம் என்று யோசிக்கிறோம். உங்கள் ஆலோசனை?
வாசகி, ஹட்டன்

எல்ல, நுவரெலியாப் பக்கம் நிச்சயம் போகும். சீஸோடும் பாணோடும் தின்னப் பழகியவர்கள் தேடி வாங்குவார்கள். ஆனால் தொடங்க முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்தான் இதெல்லாம் வருகிறது. செய்கிற இடம், தண்ணீர், லேபல் எல்லாவற்றுக்கும் அவர் சொல்கிறபடி செய்தால் பின்னால் தொல்லையில்லை. மது சேர்த்த சாமானுக்கு வேறு அனுமதி ஏதும் வேண்டுமா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

லேபலில் ஸ்டவுட் என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். முன்பக்கத்தில், மூன்று மொழியிலும், சட்னி என்ற எழுத்தளவுக்கே போடுங்கள். மது தொடாதவர் ஒருவர் தெரியாமல் வாங்கித் தின்றுவிட்டால் அந்தப் பாவம் செய்தவர்களுக்குத்தான். தேயிலை போட்ட சட்னியையும் பக்கத்திலேயே வையுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே சட்டியில் காய்ச்ச வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் செய்யுங்கள், 'கண் அளவு' வீட்டுக்குப் போதும், வியாபாரத்துக்கு ஆகாது. புளிப்பு அளக்கும் பீஎச் தாள் கொஞ்சம் வாங்கி வைத்து ஒவ்வொரு காய்ச்சலையும் பாருங்கள். 4.6க்கு மேலே போனால் ஆபத்தான கிருமி வளர இடமுண்டு, நல்ல வினாகிரிச் சட்னி 4க்குக் கீழேயே நிற்கும்.

செய்தாகிவிட்டது. ஆனால் வினாகிரி நெடி தாங்க முடியவில்லை. எதோடு தின்பது என்றும் தெரியவில்லை. மிச்சம் அரைப் போத்தல் ஸ்டவுட் வேறு கிடக்கிறது!
வாசகர், லிந்துலை

அதற்குள் திறந்துவிட்டீர்களா தம்பி? ஆறு வாரமாவது விடுங்கள், இரண்டு மாதம் என்றால் உத்தமம். நெடி அடங்கி, ஸ்டவுட்டின் கசப்பு பின்னால் போய், மிளகாய் முன்னால் வரும். நத்தாருக்கு வேண்டுமென்றால் ஒக்டோபர் நடுவிலேயே காய்ச்சிவிட வேண்டும். திறக்காத போத்தல் ஒரு வருஷம் இருக்கும். திறந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடியுங்கள்.

சுட்ட கோதுமை ரொட்டிக்குச் சம்பலுக்குப் பதில் வைத்துப் பாருங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, பருப்பு வடை, முதல் நாள் மிஞ்சிய மாட்டிறைச்சிப் பொரியல், எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். சோற்றுக்கு வேண்டாம், கறிகளோடு சண்டை போடும்.

மிச்ச ஸ்டவுட்டில் இறைச்சியை ஊற வையுங்கள். அரைக் கிலோ மாட்டிறைச்சிக்கு ஒரு தேநீர்க் கோப்பை, அதோடு மிளகு, உள்ளி, உப்பு. ராத்திரி ஊற வைத்துக் காலையில் அந்தத் தண்ணீரோடேயே மூடி வேக விட்டு, வற்றியதும் வெங்காயம் போட்டுப் பிரட்டி எடுங்கள்.